பூச்சி பிடித்துத் தின்னும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியை விதையிலிருந்து வீட்டில் வளர்க்க முடியுமா? பெரிதாக எத்தனை வருடம் ஆகும்?

முடியும், நான் வளர்த்திருக்கிறேன். 2019 பிப்ரவரியில் நாற்பது விதை போட்டேன். அதில் ஒரு செடி முதல் பூ விட்டது 2023 மே மாதம். அதனால் விதையிலிருந்து என்றால் மூன்றிலிருந்து ஐந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இந்த வருடமே ஈ பிடிக்க வேண்டும் என்றால் வளர்ந்த செடியாக வாங்கிவிடுவதுதான் சரி.

நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: ஆன்லைனில் நீலம், ஊதா, வானவில் நிறத்தில் படம் போட்டு விற்கும் விதைகளை வாங்கலாமா என்று. தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தச் செடியில் பச்சை, மஞ்சள் கலந்த பச்சை, சிவப்பு, அடர்சிவப்பு, அவ்வளவுதான். நீல நிறத்தில் வீனஸ் ஃப்ளைட்ராப் உலகத்திலேயே கிடையாது. பி52, அகாய் ரியூ என்று பெயர் வைத்த வகைகளின் விதை என்று விற்றாலும் ஏமாற வேண்டாம். மல்கோவா கொட்டையைப் போட்டால் அதே மல்கோவா வரும் என்று யாரும் நம்புவதில்லை, ஒட்டுக்கன்றுதான் வாங்குகிறோம். இதுவும் அப்படித்தான். பெயருள்ள வகையைக் கன்று பிரித்தோ, இலையை அடியோடு உரித்து நட்டோ, திசு வளர்ப்பிலோதான் பெருக்க முடியும். உண்மையான விதை கருப்பாக, பளபளவென்று, ஒரு முனை கூராக இருக்கும். சப்ஜா விதையில் பாதி அளவு. பெரிய பெரிய விதையாக வந்தால் அது வேறு ஏதோ.

நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், கேரி என்ற ஊரில். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தச் செடி இயற்கையாக முளைக்கும் இடம் பூமியில் இந்தப் பகுதி மட்டும்தான்: வில்மிங்டன் நகரைச் சுற்றி ஏறக்குறைய நூறு மைலுக்குள், வட கரோலினாவும் தென் கரோலினாவும் சேரும் கடற்கரைச் சமவெளி. இது தெரியாமலேதான் 2018-ல் முதல் தடவை விதை போட்டேன். கடையில் வாங்கிய நல்ல பூந்தொட்டி மண், குழாய்த் தண்ணீர், மேலே கண்ணாடி மூடி, வைத்த இடம் சமையலறை ஜன்னல். முளைத்த பதினொன்றும் இரண்டு மாதத்தில் கருகிப் போயின.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி, பிரன்ஸ்விக் கவுண்டியில் இருக்கும் கிரீன் ஸ்வாம்ப் காப்பகத்துக்குப் போனேன். சதுப்பு நிலம் என்றதும் இருட்டான காடு, அடர்ந்த நிழல் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது திறந்த புல்வெளி. நடுநடுவே உயரமான பைன் மரங்கள், அவற்றின் அடிமரம் தீயில் கருகிக் கிடந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து புல்லை விலக்கினேன். ஈரமான கருப்பு மணல், அதில் தரையோடு தரையாக ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்து கிடந்த சின்னச் செடிகள், இலை நுனியில் பூச்சியைப் பிடிக்கும், உள்பக்கம் சிவந்த பொறிகள், உச்சிவெயில் நேராக அதன்மேல். என் கழுத்தே எரிந்தது, செடி சௌகரியமாக இருந்தது. அந்த மணலில் தழைச்சத்து மிகவும் குறைவு, அதனால்தான் அது பூச்சியைப் பிடித்து ஈடுகட்டுகிறது. அவ்வப்போது தீ வந்து புதரை எரித்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் நிழல் கட்டி இது செத்துவிடும். மேலே எரிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற தண்டிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மழைத் தண்ணீர், குளிர்காலத்தில் உறைபனி. நான் வீட்டில் செய்தது எல்லாமே இதற்கு நேர் எதிர். சத்தும் நிழலும் கொடுத்து நானேதான் கொன்றிருக்கிறேன். (அங்கிருந்து ஒரு செடிகூட எடுக்கக் கூடாது. 2014 டிசம்பரிலிருந்து அது இங்கே பெருங்குற்றம், சிறை உண்டு. திருட்டு அவ்வளவு நடக்கிறது.)

சரி, இரண்டாவது தடவை செய்ததைச் சொல்கிறேன்.

மண் என்று பார்த்தால் பாதி பீட் மாஸ் (சதுப்பில் மட்கிய பாசி), பாதி பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்). உரம் கலக்காத பீட் மாஸா என்று பையில் படித்துப் பாருங்கள், பல பைகளில் உரம் சேர்த்தே விற்கிறார்கள். மண்புழு உரம், சாணம், செம்மண் எதுவும் கூடாது. நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது கோகோபீட், ஆனால் அதில் உப்பு தங்கியிருக்கும். வேறு வழியில்லை என்றால் சுத்தமான தண்ணீரில் பல தடவை ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) குறைந்த பிறகு பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடச் செலவானாலும் பீட் மாஸ்தான்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. மழைத் தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், இவற்றில் ஒன்று. டிடிஎஸ் 50-க்குக் கீழே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் போர் தண்ணீர் பல இடங்களில் 500-ஐத் தாண்டும், அதை ஊற்றினால் முளை ரொம்ப நாள் தாங்காது. வீட்டு ஆர்.ஓ. என்றாலும் அளந்து பாருங்கள், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று சில மெஷின்களில் உப்பைக் கொஞ்சம் திரும்பச் சேர்க்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடியில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் பல மாதத்துக்கு வரும். தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும்.

விதை புதிதாக இருந்தால் நேரே போடலாம். பழைய விதையை ஈரமான பாசியில் (ஸ்ஃபேக்னம் மாஸ்) சுற்றி, ஜிப் கவரில் போட்டு நான்கு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் முளைப்பு சீராக வரும். புதைக்கக் கூடாது, மண்ணின் மேலேயே தூவிவிட வேண்டும். எனக்குப் பத்தொன்பதாவது நாள் முதல் முளை வந்தது, ஆறாவது வாரத்துக்குள் முப்பது வந்துவிட்டன. மூடி போட்டிருந்தால் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், வெள்ளைப் பூஞ்சை வந்தால் ஒரே ராத்திரியில் பத்து முளையைச் சாய்த்துவிடும்.

முதலில் இரண்டு ஒல்லியான விதையிலை வரும், புல் மாதிரி. அதற்கு அடுத்து வரும் முதல் இலையே பொறிதான்! இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். போன் கேமராவை ஜூம் செய்து பார்த்தபோது ஓரத்தில் பல்வரிசை, குழந்தையின் இமைமுடி மாதிரி, ஒன்றுவிடாமல் எல்லாம் இருந்தது. அதற்குள் மண்ணில் திரியும் ஒரு வெள்ளைப் பொடிப்பூச்சி மாட்டியிருந்தது, பொறியின் பச்சைத்தோல் வழியே அதன் நிழல் தெரிந்தது. அன்றைக்கு நான் ஆபீஸுக்கு முக்கால் மணி நேரம் தாமதம்.

இதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும். முதல் வருட முடிவில் பொறி நான்கு மில்லிமீட்டர், இரண்டாம் வருடம் ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தட்ட, மூன்றாம் வருடம் ஒன்றரை, நான்காம் வருடம் இரண்டரை. பெரும்பாலானவர்கள் இந்த முதல் காலத்தில் பொறுக்க முடியாமல் ஒரு சிட்டிகை உரம் போட்டுவிடுகிறார்கள், அத்தோடு கதை முடிந்தது. வேகம் வேண்டுமென்றால் இரைதான் கொடுக்க வேண்டும். வளர்ப்பு மீன் கடையில் மீனுக்கு இரையாகக் கொடுக்கும் காய்ந்த பிளட்வார்ம் புழு கிடைக்கும், சென்னை என்றால் கொளத்தூரில் எந்தக் கடையிலும் கேட்கலாம். ஒரு புழுவை நனைத்து, கடுகில் கால்வாசித் துண்டாக நறுக்கி, பல்குத்தி முனையில் எடுத்து வைப்பேன். பொறியின் ஒவ்வொரு பக்கமும் பெரும்பாலும் மூன்று முடிகள் இருக்கும். ஏறக்குறைய இருபது வினாடிக்குள் இரண்டு தடவை தொட்டால்தான் மூடும். மழைத்துளிக்கெல்லாம் வீணாக மூடாமல் இருக்க அந்த ஏற்பாடு. மூடியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே பூச்சி துடித்து அந்த முடிகளைத் திரும்பத் திரும்பத் தொட்டால்தான் செரிமான நீர் சுரக்கும். செத்த புழு துடிக்காது, அதனால் பல்குத்தியால் வெளியிலிருந்து மெல்ல அரை நிமிடம் நீவிவிட வேண்டும். இறைச்சி, சோறு, பால் எதுவும் வேண்டாம், பொறி அழுகிவிடும். குழந்தைகள் விரலை விட்டு விளையாடவும் விடாதீர்கள், ஒரு பொறி சில தடவைதான் மூடித் திறக்கும், அப்புறம் கருகிவிடும்.

அடுத்தது குளிர்கால உறக்கம், அதாவது குளிர் மாதங்களில் செடி வளராமல் ஓய்வெடுப்பது. குளிர் குறைவான நம் ஊரில் இதுதான் பெரிய சிக்கல். முதல் குளிர்காலத்தில் நாற்றுகளை உள்ளேயே எல்இடி விளக்கில் பதினாலு மணி நேரம் வைத்து வளர்த்தேன், சின்னச் செடிக்கு அது பரவாயில்லை. இரண்டாவது குளிர்காலத்திலிருந்து பால்கனியிலேயே விட்டேன். நவம்பரில் இலையெல்லாம் கருத்து, நடுவில் சுண்டைக்காய் அளவு பச்சை மட்டும் மிஞ்சும். 2022 கடைசியில் அம்மா இங்கே வந்திருந்தார். ஒருநாள் காலையில், "ஏம்ப்பா, இதெல்லாம் செத்துப்போச்சே, தொட்டியை எடுத்துக் கொட்டிடட்டுமா? புதினா வைக்கலாம்" என்றார். "சாகலம்மா, தூங்குது" என்றேன். அவருக்கு நம்பிக்கையே இல்லை, ஆனால் தட்டில் தண்ணீர் வற்றினால் ஊற்றிக்கொண்டே இருந்தார். மார்ச்சில் ஒருநாள் நான் மீட்டிங்கில் இருக்கும்போது கதவைத் தட்டி, "வந்து பாரு, முளைச்சிருக்கு" என்றார். மீட்டிங்கை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். எட்டுத் தொட்டியிலும் புது இலை சுருண்டு நின்றது.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, வெளியே விட்டாலே போதும். சமவெளியில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜைத்தான் நம்ப வேண்டும். வீடு மாறிய வருடம் நானே ஆறு செடிகளை அப்படி வைத்துப் பார்த்தேன். செடியை எடுத்து வேரைச் சுத்தமான தண்ணீரில் அலசி, கருத்த இலையை வெட்டிவிட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, ஃப்ரீசரில் இல்லாமல் கீழ்த்தட்டில், டிசம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து பிழைத்தன, ஒன்று அழுகியது, அதன் பாசியை நான் சரியாகப் பிழியவில்லை. ஒரு வருடம் உறக்கம் தவறினால் செடி சாகாது. வருடக்கணக்கில் தவறினால் பொறி சிறுத்துக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிடும்.

சித்திரை வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு வெயில் வேண்டும்தான், தினமும் நான்கைந்து மணி நேரம் நேர் வெயில் இல்லாமல் பொறி சிவக்காது, இலை நீண்டு தொங்கும். ஆனால் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டி மொட்டைமாடியில் 40 டிகிரியில் நின்றால் வேர் வெந்துவிடும். வெள்ளை நிறத்தில் கொஞ்சம் ஆழமான தொட்டி, தட்டில் தண்ணீர், மதியத்துக்கு மேல் பசுமை வலை நிழல்.

பூவுக்கு வருகிறேன். தண்டு ஒரு சாணுக்கு மேல் உயரமாக எழும்பும், வெள்ளைப் பூ. செடி சின்னதாக இருந்தால் தண்டை வெட்டிவிடுவது நல்லது, பூப்பது அதைக் களைப்பாக்கிவிடும். நான் ஒரே ஒரு செடியில் விட்டேன். பூ தன்னுடைய மகரந்தத்தை முதலில் உதிர்த்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் நடுவில் மகரந்தத்தை வாங்கும் சூல்முடி பஞ்சு மாதிரி விரிகிறது. அதனால் சின்னத் தூரிகையால் புதிதாக விரிந்த பூவிலிருந்து பழைய பூவுக்குத் தடவினேன். தனக்கு மகரந்தம் கொண்டுவரும் பூச்சியையே இது தின்றுவிடாதா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முக்கியமாக மகரந்தம் சுமப்பது ஒரு சின்னப் பச்சைத் தேனீயும் இரண்டு வகை வண்டுகளும்தான், அவை பொறிகளில் அகப்படவே இல்லை என்று கண்டிருக்கிறார்கள். ஐந்தாறு வாரத்தில் காய் வெடித்து விதை தெரிந்தது. ஊருக்குத் திரும்பியிருந்த அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "இதைத்தானே கொட்டச் சொன்னேன்" என்று பதில் வந்தது.

நீங்கள் தொடங்குவதானால் விதைக்கு முன்னால் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். வீட்டில் இருக்கிற எல்லாத் தண்ணீரையும் அளந்து, என்ன எண் வந்தது, எந்த ஊர், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கீழே எழுதுங்கள். தொட்டியை எங்கே வைக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.