சரிகைக் கரை

அன்புள்ள அண்ணா,

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். உப்புநீரில் விளக்கெரிவதை நம்புவதாகச் சொல்கிறீர்கள். 2009இல், போர் முடிந்த வருடம், எனக்கு நாலு வயது, ஒன்றும் நினைவில்லை. அம்மம்மா போரைப் பற்றி வாயே திறக்கமாட்டா. அவ்வளவையும் கண்ட பிறகும் எதை நினைத்துக் கும்பிடுகிறீர்கள்?

ஒரு வாசகி, வவுனியா

அன்புள்ள தங்கச்சி,

சிலாவத்தைக் கடலில் எடுத்துவந்த தீர்த்தத்தில் விளக்கெரிவதை அம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்தவன் நான். அம்மா நம்பினா, எனக்கு அது போதும். ஆனால் உம்முடைய கேள்விக்கு அது பதிலில்லை.

2009 பெப்ரவரி கடைசியில், முல்லைத்தீவுக் கரையோரம் இருக்கிற மாத்தளனுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு, நடுவில் மணல். பங்கர், அதுதான் பதுங்குகுழி, வெட்ட வெட்டச் சரியும். இன்னும் தோண்டினால் தண்ணீர் ஊறும். சுற்றிவர மண்மூட்டை அடுக்கினால்தான் நிற்கும். உரப்பைகள் எப்போதோ முடிந்துவிட்டன. சனம் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தது. எங்களிடம் அம்மா உடுத்திருந்ததை விட்டால் வேறு சேலையில்லை. உடுப்பெல்லாம் இரணைப்பாலையோடு போய்விட்டது.

பக்கத்துத் தறப்பாளில் மடுப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தா. எங்கள் குழியைப் பார்த்தா, பெட்டியைத் திறந்தா, கூறைச்சேலையை எடுத்தா. அம்மா பதறிப்போய்த் தடுத்தா.

"மாதாவே கோயிலை விட்டிட்டு வெளிக்கிட்டவ. இதைப் பெட்டிக்குள்ள வச்சு என்னத்தைக் காணப்போறன்?"

2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, மடுக் கோயிலிலிருந்து மாதாவின் சுருவத்தை (சிலையை) தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்களே, அதைத்தான் சொன்னா. ஒரே இழுவையில் கிழித்தா. தைத்து முடியும்வரை எங்களுக்கு ஏச்சு: ஒரு பையும் இல்லாமல் என்ன துணிவில் வந்தீர்களாம். சரிகைக் கரை உள்பக்கம் வந்திருந்தது. செல் (எறிகணை) விழும்போது எனக்குத் தேவாரம் வாயில் வராது. அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

இதை எழுத எனக்குத் தயக்கம் உண்டு. போர் மனிதரை நல்லவராக்கியது என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஆக்கவில்லை. அரிசியைப் பதுக்கி வைத்து விற்றவர்களும் அதே மணலில்தான் இருந்தார்கள்.

அந்த அக்காவையும் புனிதையாக்க வேண்டாம். பிறகு, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், தண்ணீர் வரிசையில், ஒரு வாளிக்காக அம்மாவோடு அப்படியொரு சண்டை. இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவ வாளிக்குச் சண்டை பிடிக்காத ஒருத்தியாக இருந்திருந்தால் நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எப்போதோ மறந்திருப்பேன்.

அம்மம்மாவிடம் கடவுளைப் பற்றிக் கேட்க வேண்டாம். பங்கருக்கு எந்தச் சேலை போனது என்று மட்டும் கேட்டுப் பாரும்.