வேகமான புது ஆட்டக்காரர் வந்தால் அமெரிக்கக் கால்பந்து அணியின் தாக்குதல் எப்படி மாறும்?

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். மின்னல் வேக ரிசீவர் ஒருவர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, 2022-ல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸிலிருந்து மயாமி டால்ஃபின்ஸுக்கு வந்த டைரீக் ஹில் நல்ல உதாரணம்.

அவர் தங்களைத் தாண்டி ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் எதிரணித் தடுப்பாளர்கள் பின்னால் தள்ளி நிற்பார்கள். நடுவில் இடம் காலியாகும். கிரிக்கெட்டில் சிக்ஸர் அடிப்பவர் இறங்கியதும் ஃபீல்டர்கள் எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டால், சும்மா தட்டிவிட்டே ஓட்டம் எடுக்கலாம் இல்லையா, அதே கணக்குதான்.

சரி, அந்த வேகத்தைப் பயிற்சியாளர் மைக் மெக்டேனியல் எப்படிப் பயன்படுத்தினார்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பந்து ஆட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன்பே ஹில்லைப் பக்கவாட்டில் ஓடவிட்டார். ஒருவர் மட்டும் அப்படி நகர விதியில் இடம் உண்டு. ஆட்டம் தொடங்கும் நொடியில் ஹில் ஏற்கெனவே ஓட்டத்தில் இருப்பார். எதிரே இருப்பவர் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். குவாட்டர்பேக் டுவா டாங்கோவைலோவாவும் பந்தைக் கையில் வைத்திருக்காமல் சட்டென்று எறிபவர். 2023 பருவத்தில் ஹில் பிடித்த பந்துகளால் அணி முன்னேறிய தூரம் 1,799 கஜம், லீக்கிலேயே அதிகம்.

வேகம் நீண்ட எறிதலுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பந்து தன் பக்கமே வராதபோதும் இரண்டு தடுப்பாளர்களை இழுத்துக்கொண்டு ஓடி, அப்போதைய சக ரிசீவர் ஜேலன் வாடிலுக்கு வழி திறந்துவிட்டதும் அதே வேகம்தான்.