கூத்து வீடியோக்களுக்கு டவர் சர்வர் எதற்கு? பேத்தியின் லேப்டாப் போதும்

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஆரணி, செய்யாறு பக்கம் ஊர் ஊராகப் போய் எடுத்த தெருக்கூத்து வீடியோக்கள், கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோக்கள், குடும்பப் படங்கள் என்று ஐந்து போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்குகளில் சுமார் 3 டிபி சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து ஹால் டிவியில் பார்க்க வேண்டும், பெங்களூரில் இருக்கும் மகனும் அங்கிருந்தே பார்க்க வேண்டும். தெரிந்த கடைக்காரர் ஒருவர் பழைய டவர் சர்வர், ரெய்டு கார்டு, நான்கு டிஸ்க் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்கிறார். 2,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். இரவு பகலாக ஓடினால் கரண்ட் பில் எகிறுமா? வி.ஐ.டி.யில் படிப்பை முடித்த பேத்தி விட்டுப்போன லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது, அது எதற்காவது ஆகுமா?

பதில்: எகிறும் சார். லேப்டாப் ஆகும். அட்வான்ஸை இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். பணமாகத் தர மாட்டேன் என்று இழுத்தால் அந்த இரண்டாயிரத்துக்கு ஒரு நல்ல லேன் கேபிளும் பாக்கிக்கு வேறு சாமானும் பில்லோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், சண்டை வேண்டாம்.

முதலில் கரண்ட். கம்பெனிகள் கழித்துப் போட்ட இரட்டை பிராசசர் டவர் சர்வர்கள் ஒன்றுமே செய்யாமல் சும்மா நிற்கும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுக்கும், நான்கு டிஸ்க்கும் சுற்றினால் இன்னும் கூடும். 120 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க, இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 173 யூனிட். நமக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பங்கையோ முழுவதையுமோ இந்தப் பெட்டி ஒன்றே தின்றுவிடும். ஏசி ஓடும் வீடாக இருந்தால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் கணக்கு மாறிப் பில் ஒரேயடியாக ஏறும். பேத்தியின் லேப்டாப் திரை அணைந்திருந்தால் பத்து வாட் அளவில் நிற்கும், அதில் சொருகும் சின்ன டிஸ்க் இரண்டு வாட். பன்னிரண்டு வாட்டுக்கு இரண்டு மாதத்தில் 17 யூனிட் சொச்சம். விஷயம் அவ்வளவுதான்.

ரெய்டு கார்டு பற்றி அவர் நிறையப் பேசியிருப்பார், ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று. உங்களுக்கு வேண்டாம். தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் ரெய்டு அதை நான்கு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். மின்னல் இறங்கினால் நான்கும் சேர்ந்தே போகும். அந்தப் பழைய கார்டே செத்துப்போனால் அதே மாடல் கார்டைத் தேடி சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான். நீங்கள் செய்ய வேண்டியது 4 அல்லது 5 டிபி போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு புதிதாக வாங்குவது. ஒன்று லேப்டாப்பில் எப்போதும் சொருகியபடி இருக்கும். இன்னொன்று மாதம் ஒருமுறை நகல் எடுக்க மட்டும் வெளியே வரும், மற்ற நாளில் பீரோவில். உங்கள் பழைய ஐந்து டிஸ்க்குகளையும் அழிக்காமல் அப்படியே ஒரு டப்பாவில் போட்டு வேறு வீட்டில், ராணிப்பேட்டையிலோ ஆற்காட்டிலோ சொந்தக்காரர் யாராவது இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள். இந்த வகை டிஸ்க்குகளில் பெரும்பாலும் எஸ்எம்ஆர் (ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) தொழில்நுட்பம், அது மோசம் என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஒருமுறை எழுதிவிட்டுப் பல வருஷம் பார்க்கப்போகிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பணம் போவது கம்ப்யூட்டரில் இல்லை சார், டிஸ்க்கில். அந்த 38,000 ரூபாய்ப் பெட்டியில் இருக்கும் நான்கு டிஸ்க்கும் எங்கிருந்து வந்தன என்று கேட்டீர்களா? சிசிடிவி ரெக்கார்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் இங்கே தாராளமாகக் கை மாறுகின்றன. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மூன்று வருஷம் கடைவாசலைப் படம் பிடித்துக்கொண்டிருந்த டிஸ்க் 26,000 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் சுற்றியிருக்கும். அதைத் துடைத்து, கவர் போட்டு, "ஓப்பன் பாக்ஸ் சார், கம்பெனி பீஸ்" என்று தலையில் கட்டுவார்கள். போர்ட்டபிளிலும் தப்பிக்க முடியாது. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய டிஸ்க்கை நூறு ரூபாய் டப்பாவுக்குள் தள்ளி ஸ்டிக்கர் ஒட்டினால் அது புது போர்ட்டபிள்!

ஆகவே கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்னால், லேப்டாப்பில் சொருகச் சொல்லுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பேத்தியிடம் சொன்னால் போட்டுக் கொடுப்பாள். அதில் வலது பக்கம் இரண்டு எண்கள் வரும்: எத்தனை முறை ஆன் ஆனது, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது. புது டிஸ்க்கில் இரண்டுமே ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் டிஸ்க்கின் முதுகில் இருக்கும் சீரியல் நம்பரைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் அடித்து இந்தியாவுக்கு வாரண்டி உண்டா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். மணிக்கணக்கை மட்டும் நம்ப முடியாது, அதையும் பூஜ்ஜியமாக்கும் வித்தை உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய சீகேட் டிஸ்க்குகளை அப்படித் திருத்திப் புதிது என்று விற்ற விவகாரம் வெளியே வந்து பெரிதாகப் பேசப்பட்டது. அங்கேயே அப்படி என்றால் இங்கே கேட்க வேண்டாம். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் எழுதுற பழக்கம் இல்ல சார்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இணையத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு 16 டிபி என்று வரும் குட்டி டிஸ்க்குகளைத் தொடவே தொடாதீர்கள்; உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும், நிரம்பியதும் முதலில் போட்ட வீடியோமேலேயே அடுத்ததை எழுதிக்கொண்டு போகும்.

இத்தனை பாடும் எதற்கென்றால், வாரண்டி என்று நாம் சொல்வது வெறும் டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. டிஸ்க் போனால் மாற்றித் தருவார்கள், அதுவும் பெரும்பாலும் வேறு யாரோ திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யப்பட்ட டிஸ்க்காக இருக்கும். அதற்கே படிவம், கூரியர், ஓடிபி, மறுபடி படிவம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, புகார் கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் எல்லாப் பொறுப்பையும் பணம் கொடுத்தவன் தலையிலேயே ஏற்றி வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

லேப்டாப்புக்கு வருவோம். இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்: பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றும்வரை இந்த யோசனையே கிடையாது. சும்மா கிடந்த லேப்டாப் என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். சமமான மேசைமேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்துங்கள், ஆடக் கூடாது. விரலால் தடவும் டச்பேட் மேலெழும்பியோ அழுத்தினால் அமுங்காமலோ இருக்கிறதா, மூடினால் மூடி முழுதாகப் படிகிறதா, அடிப்பக்கம் விளிம்பு பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் சார்ஜரைச் சொருகாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். கடையில் கொடுத்துப் பேட்டரியை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. சரி, வேறு எங்கே போடுவது? விற்ற கம்பெனியே திரும்ப வாங்க வேண்டும் என்று 2022-லேயே விதி வந்துவிட்டது, ஆனால் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நம் ஊரில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பேட்டரி இல்லாமலும் பல மாடல்கள் சார்ஜரிலேயே ஓடும், சில மாடல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இந்த வேலைக்கு அது பாதகமில்லை. பேட்டரி நன்றாக இருந்தால் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஆவதை நிறுத்தும் வசதி பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புப் பக்கம்) இருக்கிறதா என்று பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் முழுச் சார்ஜில், அதுவும் நம் ஊர் வெயிலில் வைத்திருந்தால் நல்ல பேட்டரியும் ஒரு நாள் உப்பும்.

நல்ல பேட்டரி இருந்தால் பெரிய லாபம் ஒன்று உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துகிறார்கள், அது போக எப்போது வேண்டுமானாலும் கண் சிமிட்டுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெடும். லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் சின்ன போர்ட்டபிளை நான் சொன்னது அதற்காகத்தான். தனி அடாப்டர் போட்ட பெரிய டிஸ்க் வாங்கினால் லேப்டாப் விழித்திருக்கும், டிஸ்க் பட்டென்று அணையும். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் வீட்டு இன்வெர்ட்டரில் கொடுங்கள், ஆனால் அதில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். நார்மலில் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

எங்கே வைப்பது? பரணில் வைக்காதீர்கள். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளின் குறிப்பில் அறை வெப்பம் 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் கூரைக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு, கதவில்லாமல், வெயில் படாத சுவரோரம். துடைப்பம் கேபிளில் மாட்டாத இடமாகப் பாருங்கள், இந்த டிஸ்க்குகளின் பக்கம் இருக்கும் அந்தத் தட்டையான அகலச் சொருகி கொஞ்சம் அசைந்தாலே விட்டுவிடும். மே மாதத்தில் மத்தியானம் அணைத்தே வையுங்கள், யாரும் அப்போது பாரதக் கூத்து பார்க்கப் போவதில்லை.

லேப்டாப்பை வீட்டு சேமிப்புப் பெட்டியாக மாற்றும் மென்பொருளுக்கு ஓபன்மீடியாவால்ட், இலவசம். லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸை அழித்துவிட்டு அதைப் போட வேண்டும், அதனால் பேத்தியின் கோப்புகள் ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூடியை மூடினாலும் தூங்காதபடி ஒரு அமைப்பு மாற்ற வேண்டும், அவளுக்கு ஒரு மாலை வேலை. அதில் இருக்கும் வீடியோக்களை டிவியில் ஓட்டிக் காட்ட ஜெல்லிஃபின், அதுவும் இலவசம், ஆண்ட்ராய்டு டிவியில் அதன் செயலி கிடைக்கும். வைஃபை வேண்டாம், ரூட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். கேபிள் முனையில் எட்டுக் கம்பியும் இருக்க வேண்டும்; அவசரத்தில் நான்கு மட்டும் போட்டுவிட்டுப் போனால் 100 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், வீடியோ ஓடிவிடும், ஆனால் வேறு கம்ப்யூட்டரிலிருந்து 1 டிபி அனுப்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எட்டும் இருந்து ரூட்டரும் ஜிகாபிட் என்றால் மூன்று மணி நேர அளவில் முடியலாம்.

மகன் பார்ப்பதற்கு ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசல்) திறக்க வேண்டும், அதற்கு மாதக் கட்டணத்தில் ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வேண்டும் என்று அடுத்த ஆள் வருவார். இரண்டும் வேண்டாம். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற வீட்டு சேமிப்புப் பெட்டிகளை இணையம் வழியே யாரோ தொலைவிலிருந்து மொத்தமாகத் துடைத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் பல பேருக்குப் பல வருஷத்துப் படங்கள் இல்லை. டெயில்ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப்பிலும் மகன் போனிலும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால் போதும், வீட்டுக்குள் இருப்பதுபோலவே இரண்டும் பேசிக்கொள்ளும், குடும்ப உபயோகத்துக்குக் காசும் இல்லை.

நகல் எடுக்கும்போது கூத்து வீடியோக்களை முதலில் எடுங்கள், சினிமா பாட்டெல்லாம் கடைசியில். ஒவ்வொரு டிஸ்க் முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள், நாலைந்து வீடியோக்களை நடுவில் தள்ளி ஓட்டிப் பாருங்கள். ஜெல்லிஃபினில் சேர்க்கும்போது அந்தப் போல்டரை சினிமா என்று குறிக்காமல் ஹோம் வீடியோ என்று குறிக்கச் சொல்லுங்கள். சினிமா என்று குறித்தால் அது இணையத்தில் தேடி, நீங்கள் விடிய விடிய உட்கார்ந்து எடுத்த திரௌபதி வஸ்திராபரணத்துக்கு ஏதோ ஒரு சம்பந்தமில்லாத படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.