நடந்ததை எழுதினால் கதையாகிவிடுமா?

கேள்வி: ஓய்வு பெற்றபின் என் வாழ்க்கையில் நடந்தவற்றை நோட்டில் எழுதி வருகிறேன். எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட அம்மா தன் தையல் மிஷினை விற்றதைச் சிறுகதையாக எழுதினேன். படித்தவர்கள் "டைரி மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். அத்தனையும் உண்மையில் நடந்தது. இதைக் கதையாக எழுதுவதா, நினைவுக்குறிப்பாக எழுதுவதா? - ஒரு வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். மிஷின் விற்ற அன்று யார் யார் வந்தார்கள், மாமா என்ன சொன்னார், நீங்கள் எத்தனை மார்க் வாங்கினீர்கள், அப்புறம் வேலை, கல்யாணம் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. நடந்தது என்கிற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துவிட்டீர்கள், சிறுகதை அவ்வளவு பாரம் தாங்காது.

ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மிஷின் இருந்த இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை இருந்தது, அம்மா அதைப் பல நாள் தேய்த்துக் கழுவினார். உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது! அதைத் தாண்டி வந்து அடுத்த பத்தியில் "அம்மாவின் தியாகத்தை என்னவென்று சொல்வது" என்கிறீர்கள். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அம்மா குனிந்து கறையைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்ட வாசகருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கதைதான் என்று முடிவு செய்தால் தாராளமாக மாற்றுங்கள். பள்ளியிலிருந்து வரும் பெண்ணுக்கு மிஷின் விற்ற விஷயமே தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம், மாமாவைத் தூக்கிவிடலாம், மிஷினை வாங்கிப் போன பெண்மணியின் பக்கமிருந்துகூடச் சொல்லலாம். பரீட்சை முடிவு வரை போக வேண்டாம். நினைவுக்குறிப்பில் இந்தச் சுதந்திரம் கிடையாது, நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது. அதற்குப் பதிலாக அங்கே இன்றைய நீங்கள் உள்ளே வரலாம். பணம் கைக்கு வந்தபோது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா, மிஷின் போனதைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, கேட்கவில்லை என்றால் ஏன்? இதையெல்லாம் இந்த வயதில்தான் எழுத முடியும். சங்கடமாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். தன்னை எப்போதும் நல்லவராகவே காட்டுகிற நினைவுக்குறிப்பை நான் பாதியில் மூடிவிடுவேன்.

இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. ஆர்.கே. நாராயணின் மனைவி ராஜம் 1939இல் டைஃபாய்டில் இறந்தார். அந்தத் துக்கம் 1945இல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலாக வந்தது. அதில் மனைவியின் பெயர் சுசீலா, கணவன் கல்லூரி ஆசிரியர். நோய் மட்டும் அதே டைஃபாய்டு. 1974இல் வந்த 'மை டேஸ்' தன்வரலாற்றில் அதே இழப்பைத் தன் வாழ்க்கையாகவே சொன்னார். உங்கள் அம்மாவின் மிஷினும் இரண்டிலும் வரலாம். முதலில் கதையை எழுதிப் பாருங்கள், எதை மாற்ற மனசு வரவில்லையோ அது நினைவுக்குறிப்புக்குப் போகட்டும்.

கேள்வி: நினைவுக்குறிப்பு எழுதுகிறேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய பேச்சை மேற்கோள் குறிக்குள் போடலாமா? தம்பியோ, தன்னைப் பற்றி அதில் எழுதவே கூடாது என்கிறான். - ஒரு வாசகர்

பதில்: மனசில் அப்படியே தங்கிவிட்ட ஒன்றிரண்டு வார்த்தைகளை மட்டும் மேற்கோளில் போடுங்கள். மற்றதை "வீட்டை விற்க வேண்டாம் என்கிற மாதிரி அப்பா ஏதோ சொன்னார்" என்று எழுதினால் போதும், வாசகர் நம்புவார். பக்கம் பக்கமாக உரையாடல் வந்தால்தான் சந்தேகம் வரும்.

தம்பி விஷயத்தில், பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் தம்பி யார் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வரும் பகுதிகளை அச்சுக்குப் போகும் முன்பே அவரிடம் படிக்கக் கொடுங்கள். தகவல் தப்பு என்றால் திருத்துங்கள். "அப்படி நடக்கவே இல்லை" என்று அவர் சாதித்தால், அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கிறதோ அதையும் கூடவே எழுதிவிடுங்கள். அவருடைய நோய், கடன், மணவாழ்க்கை இதெல்லாம் அவர் சொந்த விஷயம், அவர் சம்மதிக்காமல் தொடாதீர்கள். அது இல்லாமல் உங்கள் கதை நிற்காது என்றால், அந்த அத்தியாயம் இப்போதைக்கு நோட்டிலேயே இருக்கட்டும்.