ராத்திரியில் கசியும் பிரேக் ஆயில்

கேள்வி: என்னிடம் 1962-ஆம் வருட மாரிஸ் மைனர் கார் இருக்கிறது. சக்கரங்களில் பிரேக்கைத் தள்ளும் ஆறு வீல் சிலிண்டருக்கும், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்கும் புது ரப்பர் கிட் போட்டேன். குழாய்களும் புதுசு. பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுத்து முடித்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. ஆனால் மறுநாள் காலையில் முன்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் ஈரம். எல்லா நட்டையும் இன்னும் இறுக்கினேன், பலனில்லை. எங்கே தப்பு?

பதில்: முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இறுக்க இறுக்கக் குழாயின் விரிந்த முனை நசுங்கி, நன்றாக இருந்த இணைப்பும் கெட்டுப்போகும். கசிவு சரியாகும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்கவும் வேண்டாம். உங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஒரு சிலிண்டர் கைவிட்டால் கால் பிரேக் மொத்தமும் போய்விடும்.

எங்கே கசிகிறது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது கசிகிறது என்று பாருங்கள். நான் இந்த வேலையில் முதலில் கேட்பது அதைத்தான். சிலிண்டருக்குள் ஆயிலை அடைக்கும் கிண்ண வடிவ ரப்பர்தான் கப் வாஷர். அதற்கு மெல்லிய உதடு உண்டு. பெடலை மிதித்தால் ஆயிலின் அழுத்தமே அந்த உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். காலை எடுத்ததும் அந்த அழுத்தம் பெரும்பாலும் போய்விடும். அப்புறம் ரப்பரின் சொந்த விறைப்புதான் ஆயிலைத் தடுக்கவேண்டும். அதனால் மிதிக்கும்போது சொட்டுக்கூட விடாத சிலிண்டர், வண்டி சும்மா நிற்கும் ராத்திரியில் கசியும். குழாய் இணைப்பும் செப்பு வாஷரும் பெரும்பாலும் நேர்மாறு. அழுத்தம் ஏறினால்தான் அவை வியர்க்கும்.

சரி, இதைச் சோதிப்பது எப்படி? அந்தச் சக்கரத்தின் இணைப்புகளை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒவ்வொன்றின்மேலும் டிஷ்யூ காகிதம் சுற்றுங்கள். ஒருவர் பெடலை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். காகிதம் நனைந்தால் இடம் தெரிந்துவிட்டது. ஹோஸ் (வளையும் ரப்பர் குழாய்) சிலிண்டரில் ஏறும் இடத்தில் நனைந்தால், பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டீர்களா என்று பாருங்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு விறைத்துவிடும், மறுபடி படியாது. காகிதம் காய்ந்தே இருந்து, காலையில் மட்டும் ஈரம் என்றால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றுங்கள். முன்சக்கரத்தில் இரண்டு சிலிண்டர். இரண்டிலும் தூசி புகாமல் வாயை மூடும் ரப்பரை விளிம்பில் மெல்லத் தூக்குங்கள். மாட்டும்போது தடவிய ஆயில் லேசாக மினுமினுக்கலாம். தூக்கியதும் வழிந்தால் குற்றவாளி அதுதான்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் சிலிண்டர்மேல்தான். ஒருமுறை இதே மாதிரிக் கசிவுக்கு நான் இரண்டு தடவை கிட் மாற்றினேன். மூன்றாவது தடவைதான் பிஸ்டனை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவரின் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக மூன்று கரும்புள்ளிகள். நகத்தால் தடவினால் தட்டியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி வருடக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் இரும்பை அரிக்கும். கப் ஓடும் தடத்தில் அப்படி ஒரு குழி இருந்தால் எத்தனை புது ரப்பர் போட்டாலும் நிற்காது. ஆழமாகத் தேய்த்துக் குழியை எடுக்கப் பார்க்காதீர்கள், துளை பெரிதாகி கப் தொளதொளத்துப் போகும். சிலிண்டரையே மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் உள்ளே பித்தளை ஸ்லீவ் (உள் உறை) போடச் சொல்லுங்கள்.

சுவர் வழவழப்பாக இருந்தால் ரப்பரைப் பாருங்கள். உதடு ஆயில் பக்கம் பார்த்திருக்கிறதா? ஸ்க்ரூடிரைவர் பட்டு எங்காவது கிழிந்திருக்கிறதா? மாட்டும்போது என்ன தடவினீர்கள்? எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவியிருந்தால் ரப்பர் உப்பி நாசமாகும். எல்லா ரப்பரையும் மாற்றி, பாதை முழுவதையும் கழுவவேண்டும். தடவுவதற்குப் பிரேக் ஆயிலே போதும்.

ஆயில் குடித்த லைனிங்கை, அதாவது டிரம்மில் உரசும் பட்டையை, கழுவித் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலது பக்கமும் சேர்த்துப் புதுசு போடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கேள்வி: காற்று எடுக்கும் நிப்பிளின் மரையில் ஆயில் கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பதில்: திறந்திருக்கும்போது மரை வழியே கசிவது இயல்பு. மூடிய பிறகும் கசிந்தால் டேப் உதவாது. நிப்பிள் ஆயிலை அடைப்பது மரையால் அல்ல, உள்ளே இருக்கும் கூம்பு முனையால். கழற்றி அந்த முனையைப் பாருங்கள். தூசி இருந்தால் துடையுங்கள், வளையமாகத் தேய்ந்திருந்தால் புது நிப்பிள் போடுங்கள். அதுவும் கசிந்தால் சிலிண்டருக்குள் அது உட்காரும் இடமே கெட்டிருக்கிறது.