ஆள் மாறினால் விடுதலையா?

கேள்வி: பிரெஞ்சுப் படையை வெளியேற்றிவிட்டு ரஷ்யாவைத் துணைக்கு அழைத்தது, ஒருகாலத்தில் பிரான்ஸின் காலனியாக இருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி. அடிமைத்தளையை அறுத்த நாட்டை ‘ராணுவ சர்வாதிகாரம்’ என்று மேற்கத்திய நாடுகளைப் போலவே நீங்களும் எழுதலாமா?

பதில்: பிரான்ஸ் மீது மாலி மக்களுக்கு இருக்கும் கோபம் முழுக்க நியாயமானது. 2013 ஜனவரியில் தீவிரவாதிகளை விரட்ட வந்த பிரெஞ்சுப் படையை வடக்கு மாலியின் டிம்பக்டு நகரில் கொடியசைத்து வரவேற்றார்கள். ஒன்பதரை ஆண்டுகள் அந்தப் படை இருந்தும், வடக்கில் இருந்த தீவிரவாதம் நடு மாலிக்கும் எல்லை தாண்டி அண்டை நாடுகளான பர்கினா ஃபாசோ, நைஜருக்கும் பரவியது. 2021 ஏப்ரலில் இன்னொரு ஆப்பிரிக்க நாடான சாட்டின் அதிபர் தெபி இறந்ததும், அரசியல் சட்டத்தை ஓரங்கட்டி அவர் மகன் ஆட்சியில் அமர்ந்தார். பிரான்ஸ் அவருக்குத் துணை நின்றது. அடுத்த மாதமே மாலியில், 2020-இல் ஏற்கெனவே ஆட்சியைக் கவிழ்த்திருந்த கர்னல் கோய்ட்டா இரண்டாம் முறை கவிழ்த்தபோது பிரான்ஸிடமிருந்து கண்டனம், கூட்டு ராணுவ நடவடிக்கைக்கு நிறுத்தம். ஊருக்கொரு நியாயம் பேசினால் எவன் நம்புவான்?

இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2021 டிசம்பரில் வந்த வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படையின் ஒப்பந்தத்தை எந்த நாடாளுமன்றம் படித்துப் பார்த்தது? 2020 கவிழ்ப்போடு நாடாளுமன்றமே கலைக்கப்பட்டிருந்தது. வாக்னர் என்ற பெயரைக்கூட ஆட்சியாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ‘ரஷ்யப் பயிற்சியாளர்கள்’ என்றார்கள். பணம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்று கேட்க மக்களுக்கு வழியில்லை.

விளைவை நடு மாலியின் மூரா கிராமத்தில் பாருங்கள். 2022 மார்ச் 27, ஞாயிறு, வாரச்சந்தை நாள். ஹெலிகாப்டர்களில் மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆயுததாரிகளும் இறங்கி, ஐந்து நாள் ஊரை வளைத்து வைத்திருந்தார்கள். குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டார்கள் என்றது 2023 மே மாத ஐ.நா. மனித உரிமை அறிக்கை. செத்தவர்கள் எல்லாம் தீவிரவாதிகள் என்றது அரசு. அடுத்த மாதமே, மாலியில் இருந்த ஐ.நா. அமைதிப் படையையும் வெளியேறச் சொன்னார்கள். அதோடு, உள்ளே இருந்து விசாரிக்க ஆளில்லாமல் போயிற்று.

சரி, பாதுகாப்பாவது வந்ததா? மாலிக்குக் கடற்கரை கிடையாது. பெட்ரோல், டீசல் பெரும்பாலும் அண்டை நாடுகளின் டக்கார், அபிஜான் போன்ற துறைமுகங்களிலிருந்து டேங்கர் லாரிகளில்தான் வரவேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து அல்கொய்தா சார்பு ஆயுதக் குழுவான ஜே.என்.ஐ.எம். அந்தச் சாலைகளில் லாரிகளைக் கொளுத்தியது. எரிபொருள் இல்லாமல் நாடு முழுக்கப் பள்ளிகளை இரண்டு வாரம் மூடினார்கள்.

வெளிநாட்டுத் துப்பாக்கி காவலுக்கு நிற்கும்போது ஆள்பவருக்கு வாக்காளர் தயவு தேவைப்படுவதில்லை. பிரான்ஸ் சாட்டில் செய்ததும் இதுதான், ரஷ்யா மாலியில் செய்வதும் இதுதான். 2024 பிப்ரவரியில் வைப்பதாகச் சொன்ன அதிபர் தேர்தல் நடக்கவில்லை. 2025 மே மாதம் எல்லாக் கட்சிகளும் கலைக்கப்பட்டன. ஜூலையில், தேர்தலே இல்லாமல் நீட்டித்துக்கொள்ளக்கூடிய ஐந்தாண்டுப் பதவிக்காலம் கோய்ட்டாவுக்குக் கிடைத்தது.

கட்சிகளைக் கலைக்காதே, தேர்தல் வை என்று அந்த மே மாதத் தொடக்கத்தில் தலைநகர் பமாகோவில் திரண்டு குரல் கொடுத்தவர்கள் பாரிஸிலிருந்து வந்தவர்கள் அல்லர், மாலிக்காரர்கள். நான் எழுதியது அவர்கள் கேட்டதைத்தான்.