கண்ணீர்த்துளி வண்டிக்கு என்ன வயது?

கேள்வி: ஐயா, வணக்கம். என் தம்பி சுங்கை காடுட்டில் ஒரு கிடங்கை எடுத்து, பிறந்தநாள், கல்யாணப் படப்பிடிப்பு என்று வாடகைக்கு விடுகிறான். அங்கே நிறுத்திவைக்க ஒரு பழைய கேரவன் வாங்கப் பேசியிருக்கிறான். சின்ன வண்டிதான். முன்பக்கம் உருண்டையாகவும் பின்பக்கம் சரிந்தும், கண்ணீர்த்துளி (டியர்டிராப்) போல இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. '1938ஆம் வருடத்து அமெரிக்க டியர்டிராப், அசல், புதுப்பித்தது' என்கிறார் விற்பவர். கதவோரம் பித்தளைத் தகட்டிலும் 1938 என்று பொறித்திருக்கிறது. விலையும் அதற்கேற்ப உச்சத்தில். ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லி வண்டியைக் கிடங்கில் விட்டிருக்கிறார். பதினொரு படங்கள் அனுப்பியிருக்கிறேன். 1938 என்பதை நம்பலாமா?
- வாசகி, யீஷூன்

பதில்: முதலில் அந்தப் பித்தளைத் தகட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டின் ஓரத்தில் இரட்டைப்பக்க டேப் வெள்ளையாகப் பிதுங்கி நிற்கிறது. எண்பது வருட வெயில் மழையை டேப் தாங்கியிருந்தால், நான் செலேத்தார் விமானப் பட்டறையில் ரிவெட் அடித்தே தேய்த்த முப்பது வருடமும் வீண்.

மற்ற படங்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பளபளவென்று மெருகு போட்டதைப் படம் எடுத்தால் படத்தில் விளக்கு வெளிச்சம்தான் தெரியும். அதனால் போன சனிக்கிழமை உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டு, டார்ச்சு, வெர்னியர் அளவுகோல், மரை அளக்கும் திரெட் கேஜ் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு நேரில் போனேன். தம்பி வாங்கிக்கொடுத்த கோப்பி-ஓ ஆறிப்போகும் வரை வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன்.

விற்பவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. இந்த வடிவம் 1930களில் அமெரிக்காவில் பிறந்ததுதான். சாதாரணக் கார் இழுக்கும் அளவுக்கு எடை குறைவாக, இரண்டு பேர் படுக்க, பின்னால் சமைக்க என்று வந்த வண்டி. பெரும்பாலும் 4 அடி அகலம், 8 அடி நீளம். பிளைவுட் பலகை அந்த அளவில் வந்ததால் அப்படி. உங்கள் வண்டியும் அதே அளவு. ஆனால் டியர்டிராப் வீட்டுக்கு வீடு முளைத்தது போர் முடிந்த பிறகு. 1945க்குப் பின் ராணுவம் கழித்த அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் மலிவாகக் கிடைத்தன. 1947இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' போன்ற இதழ்கள் வரைபடமே போட்டன. சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் வீட்டுக் கொல்லையில் ஒன்று செய்து பார்த்த காலம் அது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். அடுப்படிக்குள் கீழ்த்தட்டை உருவிவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பக்கச்சுவரின் உள்பக்கத்தைப் பார்த்தேன். புதுப்பித்தவர் மெருகு இயந்திரத்தைக் கொண்டுபோக முடியாத ஒரு மூலை, ஒரு சாண் அளவுக்கு மிச்சம் இருக்கிறது. தகடு அங்கே மங்கிய சாம்பல் நிறம். அதில் சாய்வாக, வரிசை வரிசையாக, நீலமா கறுப்பா என்று சொல்ல முடியாத மையில் ஆங்கில எழுத்துகள். 'ஆல்க்ளாட் 24எஸ்-டி'. ஓர் இடத்தில் ரிவெட் ஓட்டை '4' மேலேயே விழுந்திருக்கிறது. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது விமானத் தகடு. டக்கோட்டா விமானத்தின் தோலும் இதே வகைதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஃபோர்மன் பழைய வரைபடத்தை விரித்து, "இதில் 24எஸ் என்று போட்டிருந்தால் ஸ்டோரில் போய் 2024 என்று கேள்" என்பார். ஒரே கலவைக்கு இரண்டு பெயர். அமெரிக்காவில் 1954இல் அலுமினியக் கலவைகளுக்கு நாலு இலக்க எண் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் 24எஸ், பின்னால் 2024. ஆக, இந்தத் தகடு ஆலையை விட்டு வெளியே வந்தது 1954க்கு முன்பு. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் தகட்டின் வயது வண்டியின் வயது ஆகாது. பாட்டி காலத்துக் கண்டாங்கிச் சேலையை எடுத்துப் போன வாரம் ரவிக்கை தைத்தால் ரவிக்கைக்கு என்ன வயது? கழித்த தகட்டைப் பத்து வருடம் ஷெட்டில் போட்டுவைத்து அப்புறம் வண்டி செய்தவரும் இருந்திருக்கலாம்.

அதனால் சக்கரத்துக்குப் போனேன். 16 அங்குலம், ஐந்து போல்ட், போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு ஐந்தரை அங்குலம். இது மட்டும் போதாது, 1930களின் ஃபோர்டு கார்களிலும் ஐந்தரை உண்டு. ஆனால் இந்த ரிம் ஒற்றைத் துண்டு இல்லை. இரண்டு பாதியைச் சேர்த்துச் சுற்றிலும் நட்டுப் போட்டு இறுக்கியிருக்கிறது. குண்டடி பட்டுக் காற்று இறங்கினாலும் டயர் கழன்றுவிடாமல் ஓட்டவென்று ராணுவ ஜீப்புக்குச் செய்த ரிம் இது. ஜீப் பெருமளவில் உற்பத்திக்கு வந்ததே 1941இல். ஆக்சிலைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டில் திரெட் கேஜை வைத்தேன், 60 பாகை அமெரிக்க மரை. பிரிட்டிஷ் விட்வொர்த் என்றால் 55 பாகை, கேஜ் உட்காராது. துருவும் சுற்றியுள்ள இரும்பின் துருவோடு ஒத்துப்போகிறது. அந்த நட்டை யாரும் பல காலமாகத் தொடவில்லை, அதாவது ஆக்சில் பின்னால் மாற்றியது இல்லை. 1938 இங்கேயே விழுந்துவிட்டது.

தொழிற்சாலையில் செய்ததா, வீட்டில் செய்ததா என்பதையும் கேட்டுவிடுவீர்கள். இழுக்கும் கம்பியில் அச்சடித்த எண் எதுவும் இல்லை. இடப்பக்க ரிவெட்டுகளுக்கு நடுவே 31 மில்லிமீட்டர், 34, 29 என்று இடைவெளி ஆடுகிறது. வலப்பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. செய்தவர் இடப்பக்கம் முதலில் செய்து பழகியிருப்பார் போல. தொழிற்சாலை என்றால் ஜிக் என்ற அளவுச் சட்டம் வைத்து ஒரே சீராக அடித்திருப்பார்கள். இது வீட்டுக் கைவேலை. எனக்கு அதனால் மதிப்புக் குறையவில்லை, கூடுகிறது. வாங்குபவருக்கு எப்படியோ.

புதுப்பித்தது அமெரிக்காவில் இல்லை என்று நினைக்கிறேன். பின்விளக்கின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ4 (E4) என்று இருக்கிறது. வாகனப் பாகங்களுக்கான 1958 உடன்பாட்டுக்குப் பிறகு வந்த ஐரோப்பிய முத்திரை அது. 4 என்றால் ஒப்புதல் கொடுத்த நாடு நெதர்லாந்து. இழுவைக் கொக்கியும் 50 மில்லிமீட்டர் குண்டுக்கானது. பழைய அமெரிக்க வண்டி என்றால் ஒன்றே முக்கால் அரைக்கால் (1 7/8) அங்குலமோ இரண்டு அங்குலமோ இருக்கும். பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் கம்பி, உள்ளே பிளைவுட், மெத்தை எல்லாம் புதுசு. நட்சத்திரத் தலை ஸ்குரூவைக் காட்டி 'இதுவும் பின்னால் போட்டதுதானே' என்றான் தம்பி. அதைவைத்துச் சொல்ல முடியாது. ஃபிலிப்ஸ் தன் ஸ்குரூவுக்குக் காப்புரிமை வாங்கியது 1936இல்.

என் கணிப்பு: உடம்பும் ஆக்சிலும் 1946க்கும் 1950க்கும் நடுவே. மற்றதெல்லாம் நேற்று. விற்பவரிடம் இரண்டு கேளுங்கள். பிரித்துப் போட்டிருந்தபோது எடுத்த படங்கள், அப்புறம் அமெரிக்கப் பதிவுத்தாள். வீட்டில் செய்த வண்டிக்குத் தாளில் இருப்பது செய்த வருடமாக இல்லாமல் பதிவு செய்த வருடமாகவும் இருக்கலாம். 17 எழுத்து வாகன அடையாள எண் ஒன்றைக் காட்டினால் மயங்க வேண்டாம், அந்த முறை 1981இல் வந்தது. இரண்டும் இல்லையென்றால், போருக்குப் பிந்திய கைவேலை வண்டிக்கு என்ன கொடுக்கலாமோ அதை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தம்பி ஆர்வக்கோளாறில் தின்னர் துணியோடு அந்த மூலைக்குப் போக வந்தான், நான்தான் கையைப் பிடித்தேன். அந்த ஒரு சாண் இடத்தை யாரும் துடைக்கக் கூடாது. வண்டியிடம் இருக்கும் ஒரே பிறப்புச் சான்று அதுதான்.

கேள்வி: பழைய படகு டிரெய்லர் ஒன்று வாங்கினேன். டயரில் பள்ளம் புதிதுபோல் ஆழமாக இருக்கிறது. டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் முடிவில் 428 என்று இருக்கிறது. என்ன அர்த்தம்?
- வாசகர், ஜொகூர் பாரு

பதில்: முடிவில் இருப்பது டயர் செய்த வாரமும் வருடமும். மூன்று இலக்கம் என்றால் 2000க்கு முந்திய டயர், வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும் இருக்கும். ஒன்று 1998இன் 42ஆம் வாரம், இல்லையென்றால் 1988. நாலு இலக்கம் வந்தது 2000இல் இருந்துதான். 3519 என்றால் 2019இன் 35ஆம் வாரம். பள்ளத்தைப் பார்க்காதீர்கள், டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். பக்கச்சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள், தலைமுடி போல் வெடிப்புத் தெரியும். தெரியாவிட்டாலும் மாற்றிவிட்டுத்தான் படகை ஏற்ற வேண்டும்.